ஊசி, நூல், ஜன்னலோரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்தவர்கள் எழுதியவை. ஒருவருக்குக் கால் எலும்பு முறிவு, ஒருவருக்குக் கைக்குழந்தை, இன்னொருவர் வீட்டு வாசலில் ஓயாத மழை. ஆனால் எல்லாரும் கேட்டிருப்பது துண்டுத்துணிப் போர்வையைப் பற்றி. குயில்ட் என்று கேட்டாலே எனக்கு வாய் மூடாது. ஆசிரியர் பக்கக் கணக்கு சொல்லி எச்சரித்திருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கே: காலில் மாவுக்கட்டு. இன்னும் பல வாரம் கட்டிலிலேயேதான். மெஷினில் உட்கார வழியில்லை. பட்டன் தைப்பதைத் தவிர வேறு தையலும் தெரியாது. என்னால் குயில்ட் தைக்க முடியுமா?

ப: முடியும். பட்டன் தைக்கத் தெரிந்த கைக்கு இது புதிதில்லை. மெஷின் எட்டாமல் போனதும் நல்லதுதான். இல்லாவிட்டால் மடியில் வைத்துத் தைக்கும் அறுகோண வேலை உங்கள் கைக்கு வந்திருக்காது.

காம்பஸில் ஒரு அங்குல ஆரம் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். காம்பஸின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடியெடுத்து வைத்துப் போனால் சரியாக ஆறு புள்ளி கிடைக்கும். புள்ளிகளைச் சேர்த்தால் அறுகோணம். அழைப்பிதழ் அட்டை மாதிரி கொஞ்சம் விறைப்பான தாளில் இதைப் படியெடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். இந்த வெட்டு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டுத் தோராயமாக வெட்டினாலே போதும். துணியின் உள்பக்கத்தில் தாளை வைத்து, ஓரங்களை ஒவ்வொன்றாகத் தாளின் மேல் மடித்து, மூலைகளில் மட்டும் நூலால் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தையல் பிறகு பிரிக்கப்போவதுதான், அழகு பார்க்க வேண்டாம்.

இப்படி ஏழு செய்துகொண்டு, ஒன்றை நடுவில் வைத்து ஆறைச் சுற்றி வையுங்கள். இரண்டு அறுகோணங்களின் நல்ல பக்கங்களை உள்முகமாகச் சேர்த்து, விளிம்பு மடிப்பில் இரண்டு மூன்று இழையை மட்டும் ஊசியில் எடுத்து, சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி தாளைத் துளைக்கக் கூடாது. தாளில் இடிக்கிற உணர்வு விரலுக்குத் தெரியும், அதைத் தொட்டுக்கொண்டே போகலாம். ஏழும் சேர்ந்தால் ஐந்து அங்குலத்துக்குச் சற்று அதிக அகலத்தில் ஒரு பூ. இந்தப் பூக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளியே இல்லாமல் பொருந்திக்கொண்டே போகும். அதனால் எங்கே நிறுத்துவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு அறுகோணத்தின் ஆறு பக்கமும் தைத்து முடிந்த பிறகே அதன் தாளை உருவுங்கள். உருவிய தாளை அடுத்த துணிக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய காலத்துப் போர்வைகள் சிலவற்றில் தாள் உருவப்படாமலே உள்ளே கிடக்கிறது: வந்த கடிதம், கணக்குத் தாள், யாரோ எழுதிப் பழகிய நோட்டுத் துண்டு. அதில் தேதி ஏதாவது இருந்தால் அருங்காட்சியகக்காரர்களுக்கு யோகம். அந்தத் தேதிக்கு முன்னால் அந்தப் போர்வை தைக்கப்பட்டிருக்க முடியாதல்லவா! நீங்களும் உங்களுக்கு வந்த பழைய வாழ்த்து அட்டைகளை வெட்டிப் பயன்படுத்தலாம். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடுவீர்கள், அதிலேயே ஒரு மத்தியானம் ஓடிவிடும்.

கே: புதுத்துணி வாங்காமல் பழைய சட்டை, கவுன், தலையணை உறையை வைத்தே தைக்கலாமா? எதை வேண்டுமானாலும் கலக்கலாமா?

ப: பழைய துணிதான் எனக்குப் பிடித்தது. ஆனால் கலப்பதில் மட்டும் நான் கறார்ப் பேர்வழி. பருத்தி என்றால் முழுக்கப் பருத்தி. டி-ஷர்ட் துணி இழுபடும். பக்கத்தில் இழுபடாத துணி இருந்தால், சில சலவைக்குள் ஒன்று தொங்கும், ஒன்று சுருங்கி நிற்கும்.

பருத்தியா பாலியெஸ்டரா என்று தெரியவில்லையா? நாலைந்து இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும்.

சட்டையில் முதுகுப்பக்கம்தான் பெரிய துண்டு. அடுத்தது கைகள். முழங்கையும் அக்குளும் நைந்திருக்கும், விட்டுவிடுங்கள். சந்தேகமிருந்தால் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வலை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணியின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பையை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். பையோடு சேர்த்து வெட்டிய சதுரம் ஒன்று போர்வையில் இருந்தால் அதில் கண்ணாடி வைக்கலாம், கைக்குட்டை வைக்கலாம். குழந்தை இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம், என்னென்னவோ வந்து சேரும்.

பல முறை துவைத்த துணி சுருங்கவேண்டிய அளவுக்குச் சுருங்கியிருக்கும். புதுத்துணி கலந்தால் அதை முதலில் துவைத்துவிடுங்கள். அடர் சிவப்பு, அடர் நீலம் இருந்தால் ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து வெந்நீரில் ஊறவையுங்கள். வெள்ளை நிறம் மாறினால் அந்தத் துணி போர்வைக்கு வேண்டாம்.

கே: நிறப்பொருத்தம் எனக்கு வரவே வராது. என்ன செய்ய?

ப: நிறத்தை விடுங்கள், வெளிறலா அடர்த்தியா என்று மட்டும் பாருங்கள். துணிகளைத் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வடிவம் எடுபடாது. வெளிறல், நடுத்தரம், அடர்த்தி மூன்றும் தெரிந்தால் எந்த நிறத்தோடு எந்த நிறமும் நிற்கும்.

கே: மெஷினில் சதுரங்களைச் சேர்த்துத் தைக்கிறேன். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் மூலைக்கு மூலை சேர மாட்டேன் என்கிறது. வெட்டுவதில் கோளாறா, மெஷினில் கோளாறா?

ப: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. தையலுக்கு விடுகிற அந்தக் கால் அங்குலத்தில்தான் இருக்கும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வரிசைக்குப் 12 சதுரம் என்றால் 11 இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு சதுரங்களின் விளிம்பும் உள்ளே போகிறது. கால் அங்குலத்துக்குப் பதில் நூலிழை தள்ளி, 1/16 அங்குலம் கூடுதலாக விட்டுத் தைக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு இணைப்புக்கு 1/8 அங்குலம் போச்சு. வரிசை முடியும்போது 11/8, அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேலே காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையில் வேறு அளவு காணாமல் போகும். மூலை எப்படிச் சேரும்?

ஒரு சோதனை சொல்கிறேன். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, நீளவாக்கில் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகமாகப் பிடித்துத் தைக்கிறீர்கள், கூடினால் குறைவாக. நடுப்பட்டை ஒரு அங்குலம் வரும்வரை ஊசியிருக்கும் இடத்தை நகர்த்திப் பார்த்துவிட்டு, துணி ஓட வேண்டிய கோட்டில் மெஷின் தட்டின் மேல் ஒரு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். அதன்பிறகு ஊசியைப் பார்க்கவே வேண்டாம், நாடாவைப் பார்த்துத் தைத்தால் போதும்.

இஸ்திரி போடுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சட்டைக்குப் போடுவது போலப் பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும். தூக்கி வைக்க வேண்டும், அழுத்த வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலது பக்கம் சாய்த்து அழுத்தினால், அடுத்த வரிசையில் இடது பக்கம். அப்போது இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும், மூலை தானாக உட்காரும். விரலால் தடவினாலே தெரியும்.

இன்னொன்று: துணியை நீளவாட்டில் இழுத்தால் அசையாது, அகலவாட்டில் கொஞ்சம் கொடுக்கும், கிராஸாக, அதாவது மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக நீளும். சதுரத்தின் பக்கங்கள் துணியின் இழையோடு ஓடும்படி வெட்டுங்கள். துணி மிச்சமாகும் என்று கிராஸாக வெட்டிய சதுரங்களை எத்தனை நாள் உட்கார்ந்து கெஞ்சினாலும் வழிக்கு வராது.

கே: இவ்வளவு நேரம் செலவழிப்பதற்குக் கடையில் ஒரு போர்வை வாங்கிவிடலாமே என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ப: ஒன்றும் சொல்லாதீர்கள். குளிர்கிற ராத்திரியில் யார் முதலில் அதை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள் என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

கே: அடைபட்டுக் கிடக்கும் காலத்தில் போர்வை தைப்பது பழைய வழக்கமா? வரலாறு ஏதும் உண்டா?

ப: நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் இரண்டு போர்வைகளைச் சொல்கிறேன்.

முதலாவது கடலில் தைத்தது. 1841-இல் ‘ராஜா’ என்ற கப்பல் பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து இன்றைய டாஸ்மேனியாவுக்குப் போனது. சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை தொடங்கிய பெண்கள் சங்கம் அவர்களுக்கு ஊசி, நூல், துண்டுத்துணிகளைக் கொடுத்து அனுப்பியது. ஹோபார்ட் போய் இறங்கும்போது 2,800-க்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்த ஒரு பெரிய விரிப்பு தயாராக இருந்தது. இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கும் மேலான பயணம், ஆடுகிற கப்பல், மங்கிய வெளிச்சம். தையல் அனுபவம் எல்லாருக்கும் ஒன்றுபோல இருந்திருக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சில தையல் சின்னதாகவும் சில தையல் நீளமாகவும் தெரியும். எனக்கு அந்த நீளத் தையல்களைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

இரண்டாவது சிங்கப்பூர் சாங்கி சிறை. 1942-இல் ஜப்பானியர் பிடித்து வைத்த பெண்கள் அங்கே மூன்று போர்வைகள் தைத்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஒவ்வொருத்தியும் தன் சதுரத்தில் தன் பெயரையும், மனசில் இருந்த ஏதோ ஒன்றையும் பூத்தையலில் போட்டாள். ஆண்களை வேறு இடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் பக்கம் போர்வை போனால், பெயரைப் பார்த்து இவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பது ஏற்பாடு. அவற்றில் இரண்டு கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. நாம் மழைக்கும் மாவுக்கட்டுக்கும் உள்ளே இருப்பதை அதோடு ஒப்பிட நான் வரவில்லை. கேட்டதால் சொன்னேன்.

கே: மேல்துணி தைத்து முடித்துவிட்டேன். நடுவில் என்ன வைப்பது? மூன்று அடுக்கையும் எப்படிப் பிடிப்பது?

ப: பஞ்சு விரிப்பு வைக்கலாம். பருத்தி விரிப்பு படிந்து கிடக்கும், துவைத்ததும் லேசாகச் சுருங்கிப் போர்வைக்குப் பழசின் சுருக்கம் வரும். பாலியெஸ்டர் உப்பலாக இருக்கும், எடை குறைவு. இரண்டும் வேண்டாம் என்றால் நைந்த கம்பளியோ ஃபிளானல் துணியோ போதும். முதல் போர்வைக்கு நான் சொல்வது மெல்லிய நடு அடுக்குத்தான். தடிமனாக வைத்துவிட்டு ஊசி இறங்கவில்லை என்று பாதியில் விட்டவர்கள் எழுதிய கடிதங்கள் என் மேஜையில் நிறைய இருக்கின்றன.

அடித்துணியும் நடு விரிப்பும் மேல்துணியை விட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். அடித்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடியுங்கள், ஆனால் விறைக்க இழுக்காதீர்கள். மேலே பஞ்சு, அதன் மேல் போர்வை முகம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போய், ஒரு கைப்பிடி தூரத்துக்கு ஒன்று என ஊக்கு குத்துங்கள். தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் உபரித் துணி எல்லாம் நடுவில் வந்து மேடு கட்டும்.

தையல் வெறும் நூலோட்டம்தான். சின்னதாக இருக்க வேண்டும் என்று பலரும் மிரட்டுவார்கள். ஒரே சீராக இருந்தால் போதும், சிறுத்துக்கொள்வது தானாக வரும். தைக்கிற கையின் நடுவிரலில் திம்பிள் (ஊசியைத் தள்ளும் விரலுக்கான உறை) போடுங்கள். முதலில் விரல் அந்நியமாகத் தெரியும், அப்புறம் அது இல்லாமல் ஊசியைத் தொட மாட்டீர்கள். தொடங்கும்போது நூல் முனையில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல்துணி வழியாக ஊசியை விட்டு, நூலை ‘டக்’ என்று ஒரு சுண்டு. முடிச்சு உள்ளே போய்ப் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே நான் குட்டை நூலாக எடுப்பேன், அடிக்கடி முடிச்சுப் போடலாமே! (முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் போதும். அதற்கு மேல் போனால் நூல் முறுக்கி முடிச்சு விழும்.)

கை ஓட்டவும் பொறுமை இல்லை என்றால், நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் தடித்த நூலால் மூன்று அடுக்கையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டுவிடுங்கள். அதுவும் முறையான போர்வைதான், யாரும் குறை சொல்ல முடியாது.

கே: பணி ஓய்வு பெற்றவன். மழைக்காலத்தில் பகல் நீண்டுகொண்டே போகிறது. தையலில் ஆர்வமில்லை. வீட்டுக்குள் வேறு என்ன செய்யலாம் என்று உங்கள் அனுபவத்தில் சொல்லுங்களேன்.

ப: ஐயா, தையல் பக்கத்தில் வந்து தையல் வேண்டாம் என்கிறீர்கள். பரவாயில்லை. ‘பயனுள்ள பொழுதுபோக்கு’ என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். எனக்கு ஒரு பட்டன் டப்பா இருக்கிறது. அதை மேஜையில் கவிழ்த்து, இரண்டு துளை, நான்கு துளை என்று பிரிப்பேன். அப்புறம் அதையே நிறவாரியாகப் பிரிப்பேன். கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப ஒன்றாகக் கொட்டி மூடிவிடுவேன். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் பதில் கிடையாது. உங்கள் வீட்டில் அது திருகாணி டப்பாவாக இருக்கலாம், அஞ்சல்தலை ஆல்பமாக இருக்கலாம்.

ரேடியோவோ ஒலிப்புத்தகமோ போட்டுக்கொண்டு கைக்கு ஒரு வேலை கொடுங்கள். காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று இருந்தால் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றாது. நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். காலை வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு ஒரு இடம், சாயங்காலத்துக்கு வேறு இடம். ஒரே அறையில் இரண்டு இருக்கை இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே ஒரு பயணம். ஒருமுறை படித்துப் பிடித்த நாவலை மறுபடி எடுங்கள். முடிவு தெரிந்த கதையில் அவசரம் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு கை பரபரத்தால், சட்டைக்கு ஒரு பட்டன் தைத்துப் பாருங்கள். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

கே: ஊசி கோப்பதற்குள் கண் வலிக்கிறது. வயது 60-ஐத் தாண்டிவிட்டது.

ப: நூல் முனையைச் சாய்வாக வெட்டுங்கள். எச்சில் தொட வேண்டாம், நூல் உப்பிக்கொள்ளும். ஊசிக் காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். நூலை இரு விரலுக்கிடையே முனை மட்டும் எட்டிப் பார்க்கும்படி பிடித்து, ஊசியை நூலிடம் கொண்டு வாருங்கள். கடையில் ஊசி வாங்கும்போது எண் ஏற ஏற ஊசி சிறிதாகும் என்பது நினைவிருக்கட்டும். 10-ஆம் நம்பரில் அவஸ்தைப்படுகிறவர்கள் 8-க்கு இறங்கினால் காதும் பெரிதாகும். உட்காரும்போதே பத்து ஊசியில் நூல் கோத்து ஊசிமெத்தையில் குத்தி வைத்துவிட்டால் நடுவில் எழுந்து கண்ணாடி தேட வேண்டியதில்லை. வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும், கையின் நிழல் தையலில் விழாது.

கே: கட்டில் அளவுக்குத் தைக்க ஆரம்பித்தேன். பாதியில் அலுத்துவிட்டது. வருஷக்கணக்கில் பெட்டியில் கிடக்கிறது. மனசு உறுத்துகிறது.

ப: எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவோடு அது முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்குப் போதாதது சோபாவுக்குப் போதும், சோபாவுக்குப் போதாதது மடிக்குப் போதும். ரொம்பச் சின்னதாக இருந்தால் குஷன் உறை.

மடிப்போர்வை என்று வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைத்து முடிக்கும் பட்டைக்குக் கணக்குச் சொல்கிறேன். 40 அங்குலத்துக்கு 50 அங்குலம் என்றால் சுற்றளவு 180. மூலை மடிக்கவும் முனைகளைச் சேர்க்கவும் 12 சேர்த்தால் 192. 40 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டினால் ஐந்து பட்டை வேண்டும், ஆக துணியில் பன்னிரண்டரை அங்குல நீளம். பட்டைகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது நேராகத் தைக்காமல் குறுக்குச் சாய்வாகத் தையுங்கள், ஒரே இடத்தில் தடித்துக்கொள்ளாது. சாய்வுத் தையல் ஒவ்வொன்றிலும் பட்டையின் அகல அளவுக்கு நீளம் குறையும், நாலு இணைப்புக்குப் பத்து அங்குலம். அதனால் ஆறாவது பட்டை ஒன்றையும் சேர்த்து வெட்டி வையுங்கள். நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மடிக்காத விளிம்பைப் போர்வையின் முன்பக்க ஓரத்தோடு வைத்துத் தைத்து, மடிந்த விளிம்பைப் பின்பக்கம் திருப்பிக் கையால் தைத்துவிடுங்கள். பின்பக்கத் தையலுக்கு டிவி பார்த்துக்கொண்டே உட்காரலாம்.